சங்கரபாண்டி அண்ணாச்சியின் சவுண்ட் கார்டு

போன வாரம் என் மகள் கல்லூரி விடுதியிலிருந்து போன் பண்ணியிருந்தாள். இரண்டு நிமிடம் பேசியிருப்போம். "அப்பா, ஒங்க குரல் ஒடஞ்சு ஒடஞ்சு வருது" என்றாள். வாசலுக்கு வந்தேன். மொட்டை மாடிக்கு ஏறினேன். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். "இன்னும் கரகரன்னுதான் கேக்குப்பா. விடுங்க, நான் மெசேஜ்ல சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் சொல்ல நினைத்ததெல்லாம் எழுத்தாக வந்து சேர்ந்தது. வேலை முடிந்தது.

நான் மட்டும் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். குரல் வராவிட்டால் எழுத்து என்பது அவளுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அவளைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அந்தக் கரகரப்பு என் காதை விட்டுப் போகவில்லை. உங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேனா என்று ஞாபகமில்லை. ஒரு காலத்தில் அந்தச் சத்தத்தைப் போக்குவதுதான் எனக்குப் பிழைப்பு.

வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கடை. கம்ப்யூட்டர் விற்பார்கள், விற்றதைப் பழுதும் பார்ப்பார்கள். ஆறு மாத கோர்ஸ் படித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொள்ள அட்டை அடித்துக் கொடுத்தார்கள். என் பெயருக்குக் கீழே 'சிஸ்டம் இன்ஜினியர்' என்று இருந்தது. அதில் ஒன்றை என் அம்மா சாமி படத்தின் சட்டத்தில் செருகி வைத்திருந்தாள். இன்ஜினியரின் பைக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவர், ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு அழிரப்பர். சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அதே அழிரப்பர்தான். மெமரி கார்டைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களை நாலு தேய் தேய்த்து மறுபடி செருகினால் பாதிக் கம்ப்யூட்டர்கள் உயிர் பெற்றுவிடும். மீதிப் பாதிக்கு ஃபார்மேட் அடிப்போம். எங்கள் வைத்தியம் அவ்வளவுதான்.

கேபினட்டின் பக்கப் பலகையைக் கழற்றியதும் சூடான தூசி வாசனை ஒன்று வரும். இப்போதுகூட இஸ்திரிக் கடையைத் தாண்டும்போது எனக்கு அந்த வாசனை ஞாபகம் வந்துவிடும். தூசியைப் பார்த்தே அது எந்தப் பக்கத்து வீடு என்று சொல்லிவிடலாம். பேட்டைப் பக்கம் போனால் தவிட்டுத் தூசி. மேலப்பாளையத்தில் நெசவு நடக்கிற தெரு என்றால் நூல் பிசிறு. பாளையங்கோட்டையில் டீச்சர்மார் வீடுகளில் தூசியே இருக்காது. பழைய சேலையில் உறை தைத்து, ஓரத்தில் ஜரிகை வைத்து, மானிட்டருக்கு ஒன்று, சி.பி.யு.வுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று மூடி வைத்திருப்பார்கள். அந்த உறைகளைக் கழற்றி மாட்டவே பத்து நிமிடம் ஆகும். ஒருமுறை ஒரு கேபினட்டுக்குள் பல்லி முட்டை இரண்டு இருந்தன. அந்த வீட்டுக்காரர் முட்டை பொரிந்த பிறகு வந்து பார்க்கச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன். கடையில் ஒரு வழக்கம் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். போனில் புகார் வந்தால் முதலாளி ஒரு துண்டுச் சீட்டில் ஒரே வரி எழுதிக் கொடுப்பார். 'பிரிண்டர் பேப்பர் இழுக்கவில்லை.' 'மானிட்டர் இருட்டு.' நாங்கள் போய் அந்த ஒரு வரியை ஒழித்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். சீட்டில் இல்லாததைத் தொடக் கூடாது. தொட்டால் நல்லா இருந்ததைக் கெடுத்துவிட்டுப் போனான் என்ற பேர்தான் வரும் என்பது முதலாளியின் அனுபவம். கையெழுத்து ஆகாத சீட்டுகளை அவரவர் பேருக்கு உள்ள கம்பியில் குத்தி வைப்பார்கள். என் கம்பியில் சீட்டே தங்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒரு ஆனி மாதத்தில், காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு நாள், அந்தச் சீட்டு வந்தது. 'கொக்கிரகுளம். சங்கரபாண்டி. சவுண்ட் கரகரப்பு.'

சங்கரபாண்டி அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்குநேரி, வள்ளியூர், நாகர்கோவில் போகிற தனியார் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடுவது அவர் வேலை. நான் படிக்கிற காலத்தில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கழுத்தில் விசில், கக்கத்தில் நோட்டு. ஒரு வண்டி ஒரு நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டால் போதும், அவர் போடுகிற சத்தத்துக்கு டீக்கடையில் இருக்கிற டிரைவர் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வருவார். அந்தக் குரலை எதிர்பார்த்துத்தான் வீட்டுக்குள் போனேன். "வாரும்வே, இரும்" என்று நாற்காலியைக் காட்டியவரின் குரல் தேய்ந்து, அடியில் மணல் கிடப்பதுபோல இருந்தது.

கம்ப்யூட்டர் அவர் மகனுடையது. மகன் படித்து முடித்து பூனாவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப் போனது. உள்ளறையில் மேஜைமேல் இருந்தது, சி.பி.யு.வின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. மகன் போனில் சொல்லிக் கொடுத்து, மைக்கை வைத்துப் பேசிப் பதிகிற வரைக்கும் அண்ணாச்சி தானே கற்றுக்கொண்டிருந்தார். ஒன்றைப் போட்டுக் காட்டினார். பேச்சுக்கு நடுவே 'பட்' என்று ஒரு சத்தம். அப்புறம் 'கரகர'. மறுபடி இரண்டு 'பட்'.

"நல்லா கேட்டுக்கிடும்வே. என் தொண்டையும் கரகரக்கும். அத உம்மால ஒண்ணும் செய்ய முடியாது. மிஷின் போடுத சத்தத்த மட்டும் எடுத்துத் தாரும்."

சும்மா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவரே பைய விவரத்தைச் சொன்னார். தொண்டையில் கட்டி. திருவனந்தபுரத்தில் பார்த்தாயிற்று. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் பத்து நாளில் ஆபரேஷன். அதற்கப்புறம் பேச்சு கிடையாது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த வயதில் எதையாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றும். "எழுதிக் காட்டலாமே அண்ணாச்சி" என்றேன்.

"யார்ட்ட எழுதிக் காட்ட? அவளுக்கு எழுத்து தெரியாதுவே" என்றார். அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்போதுதான் மேஜைமேல் விரித்திருந்த நோட்டைப் பார்த்தேன். பழைய டைம்கீப்பர் நோட்டு. வண்டி வந்த நேரம், போன நேரம் என்று கோடு போட்ட கட்டங்களில் வரிசை எண் போட்டு வாக்கியங்கள் எழுதியிருந்தார். ஒன்று, 'ஏளா, குடிக்கத் தண்ணி கொண்டா.' இரண்டு, 'வெந்நி வச்சிட்டியா?' மூன்று, 'கதவச் சாத்து, காத்தடிக்கு.' நான்கு, 'வாசல்ல யாரோ வந்திருக்காக, பாரு.' ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபைலாகப் பதிந்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது அந்த எண்ணை அழுத்தினால் அவர் குரல் வீட்டுக்குள் கேட்கும். அவருடைய திட்டம் அதுதான். இன்றைக்கு அதற்கெல்லாம் என்னென்னவோ வந்துவிட்டது. அன்றைக்கு அது அவராகவே யோசித்துக் கண்டுபிடித்தது.

கை காட்டிச் சமாளித்துக்கொள்ளலாமே என்று அவர் மகனும் போனில் சொன்னானாம். "பஸ்ஸுக்கு விசில் அடிச்சேன், கை காட்டுனேன். அது உத்தியோகம். பொஞ்சாதிய ஒரு நாளும் கை தட்டிக் கூப்பிட்டது கிடையாது. இனிமே போயி கூப்பிட முடியுமாவே?" என்றார். நான் பையைத் திறந்து ஸ்குரூடிரைவரை எடுத்தேன்.

முதல் நாள் மைக்கைச் சந்தேகப்பட்டேன். கடையிலிருந்து வேறு மைக் கொண்டுபோய்ப் போட்டேன். மைக் செருகும் துளையைச் சுத்தம் செய்தேன். ஒரு மணி நேரம் சத்தம் வரவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் ஏறி இறங்குவதற்குள் மறுபடி வந்துவிட்டதாம். இரண்டாம் நாள் சவுண்டுக்கான டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். மூன்றாம் நாள் தனி சவுண்ட் கார்டு ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். முதலில் மேல் ஸ்லாட்டில், பிறகு அங்கிருந்து கழற்றிக் கடைசி ஸ்லாட்டில். அந்தக் காலத்தில் சவுண்ட் கார்டும் டிஸ்ப்ளே கார்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யும் என்று சொல்வோம். அது நிஜம்தான், பல வீடுகளில் அதனாலேயே சரியாகியிருக்கிறது. இங்கேயும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் போகவில்லை. என் கம்பியில் அந்த ஒரு சீட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் கடைக்குள் நுழைந்ததும் கண் அதில்தான் விழும்.

தினமும் மத்தியானம் கொக்கிரகுளத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. காலையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பதிவார். அடுக்களைச் சத்தம் விழுந்துவிடக் கூடாது என்று அவர் மனைவி மிக்ஸியைக்கூடப் போடாமல் அம்மியில் அரைத்தாராம். இசக்கியம்மாள் என்று பெயர். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். மத்தியானம் நான் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அன்றைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்பேன். எந்த ஃபைலில், எத்தனையாவது விநாடியில் 'பட்' என்று வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். அந்த நேரம் அண்ணாச்சி அறையில் இருக்க மாட்டார்.

"நீரு கேளும்வே. நான் பக்கத்துல இருந்தா எனக்கு வெக்கமா இருக்கும்" என்று எழுந்து வெளியே போய்விடுவார்.

ஐந்தாவது நாள் என்று நினைக்கிறேன், ஒரு சந்தேகம் கேட்டார். விண்டோஸோடு வருகிற ரெக்கார்டரில் ஒரு நிமிடத்துக்கு மேல் பதிய முடியாது. டைம்கீப்பருக்கு அதில் ஒரு சந்தோஷம், ஐம்பத்தெட்டாவது விநாடியில் பேச்சை முடித்துவிடுவார். "அதுக்கு மேல பேசணும்னா என்னவே செய்ய?" என்றார். கடையிலிருந்து வேறு ஒரு மென்பொருள் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நோட்டில் வாக்கியங்கள் எழுதுவதை விட்டுவிட்டார். எண்ணை மட்டும் போடுவார். எதற்கு நீளமாகப் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது சீட்டில் இல்லாத சமாச்சாரம்.

அடுத்த நாள் நான் கேபினட்டைத் திறந்து போட்டுவிட்டு, ஸ்பீக்கர் வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இசக்கியம்மாள் காப்பியோடு வந்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்கிடாதிய. மொதல்ல பொட்டிக்குள்ள டக்குன்னு ஒரு சத்தம் கேக்கு. பொறவுதான் அங்கன பட்டுன்னு வருது."

"அது ஃபேன் சத்தம்மா" என்றேன்.

"ஃபேன் சத்தம் இழுவையால்லா இருக்கும். இது தட்டுத மாதிரி இருக்கு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னாலே கேக்கு."

"நீங்க கவலப்படாதிய, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி அவரை அனுப்பினேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. முப்பது வருடமாக டைம்கீப்பர் வீட்டில் இருந்தவர். தெருமுனையில் ஹாரன் கேட்டால் எந்தக் கம்பெனி வண்டி, எந்த டிரைவர் என்று அடுப்படியிலிருந்தே சொல்வாராம். அதை அண்ணாச்சி என்னிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். அப்படிப்பட்ட காது சொன்னதை நான் கேட்கவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது, எனக்கு சட்டைப்பையில் அட்டை இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்தச் சத்தம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்தது. இதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். டிஸ்க் கெட்டுப்போக ஆரம்பித்தால் எழுதும்போது தடுமாறும். தடுமாறும்போது உள்ளே 'டக்' என்று ஊசி தட்டும். விண்டோஸ் அதை மெதுவான கதிக்கு இறக்கிவிடும். அப்போது குரல் போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குப் போய்ச் சேராது, நடுவில் இடைவெளி விழும். காதுக்கு அந்த இடைவெளிதான் 'பட்'. சவுண்ட் கார்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சீட்டில் 'சவுண்ட்' என்று எழுதியிருந்தது, அதனால் நான் சவுண்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அண்ணாச்சி கேட்டார். "இருக்கிறத அப்படியே ஒரு சி.டி.யில போட்டுக் குடுத்துரும்வே. சத்தம் கெடக்கட்டும். நான் சொன்னது வெளங்குதுல்லா, அது போதும்."

கடையில் சி.டி. ரைட்டர் இருந்தது. அரை மணி நேர வேலை. "இவ்வளவு பாடுபட்டுட்டு கரகரப்போட எதுக்கு அண்ணாச்சி? நீங்க போயிட்டு வாங்க. சுத்தம் பண்ணி ஒரே தட்டுல போட்டுத் தாரேன்" என்றேன். என் கையால் கொடுக்கிற சி.டி.யில் அந்தச் சத்தம் இருக்கக் கூடாது என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. முதலாளியும் புகார் தீராமல் எதையும் கொடுக்கக் கூடாது என்கிறவர்தான். ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் கேட்டிருந்தால் விட்டிருப்பார், கேட்கவில்லை.

கடைசி நாள் என் புத்திக்கு ஒன்று எட்டியது. டிஸ்க்கில் எல்லாம் சிதறிக் கிடக்கும், ஒழுங்காக அடுக்கிவிட்டால் கம்ப்யூட்டர் வேகமாகும், சத்தம் குறையும். அதற்கு டிஃப்ராக் என்று ஒன்று உண்டு. ஓட விட்டால் திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் சிவப்பும் நீலமுமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். வேலை செய்கிற மாதிரி தெரிவதில் அதற்கு ஈடு கிடையாது. வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை ஓட விட்டுவிட்டு, முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி நான் கிளம்பினேன். அண்ணாச்சி வாசல் வரைக்கும் வந்தார். "வாரேன்வே" என்றார். நான் கேட்ட அவருடைய கடைசிச் சொல் அதுதான். அப்போது எனக்கு அது தெரியும், தெரிந்தும் சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். உயிர் போய்க்கொண்டிருந்த டிஸ்க்கை நான் மணிக்கணக்கில் ஓடும்படி விட்டுவிட்டு வந்திருந்தேன் என்பது மட்டும் தெரியாது.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அவரே கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வந்து நின்றிருக்கிறது. கடைக்கு ஆள் அனுப்பினார். போனேன். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பாக இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு இரண்டு முறை கையைத் தட்டினார். உள்ளேயிருந்து இசக்கியம்மாள் வந்தார். எனக்குக் காப்பி போடச் சொல்லிக் கையால் காட்டினார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனார். அண்ணாச்சி சிறிது நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேபினட்டைத் திறப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் என்னென்னவோ செய்தேன். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். டிஸ்க்கின் மேல் இருக்கும் சர்க்யூட் பலகையை மாற்றிப் பார்த்தேன். பாலிதீன் பையில் சுற்றி ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்று சொல்வார்கள், அதையும் செய்தேன். 'டக், டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. நான் நான்கு நாள் அதை மேஜைமேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபேன் சத்தம் இழுவையாகத்தான் இருக்கும். இது தட்டுகிற சத்தம்.

ஐந்தாம் நாள் கொக்கிரகுளத்துக்குப் போய்ச் சொன்னேன். "ஹார்ட் டிஸ்க் எப்ப போகும்னு யாராலயும் சொல்ல முடியாது அண்ணாச்சி." வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். இசக்கியம்மாள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி நோட்டை எடுத்து எழுதி என்னிடம் காட்டினார். 'வண்டி போய்விட்டது. விடும்.' நான் படித்தேன். அந்த அம்மா, "என்ன எழுதுதாக?" என்று கேட்டார். சொன்னேன். அண்ணாச்சி மறுபடி எழுதினார். 'மத்தியானம் மாத்திரை போட மறந்துவிட்டேன், அவளிடம் சொல்லும்.' அதையும் சொன்னேன். ஒரு மணி நேரம் அப்படி இருந்தேன். அவர் எழுத எழுத நான் படித்தேன், அந்த அம்மா அவருக்குப் பதில் சொன்னார். அன்று அவர் எழுதியதெல்லாம் மாத்திரை, பால், மகனுக்கு லெட்டர், வீட்டுத் தீர்வை இவ்வளவுதான். நடுவில் ஒருமுறை எதையோ எழுத ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்துவிட்டார்.

புது டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். போட்டு என்ன, பேச ஆள் இல்லை. சீட்டின் பின்னால் 'சரியாகிவிட்டது' என்று அண்ணாச்சியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சீட்டை வாங்கிப் போட்டார். அடுத்த வருடம் நான் அந்தக் கடையை விட்டுவிட்டேன். மதுரையில் வேறு வேலை கிடைத்தது. அங்கே ஸ்குரூடிரைவரைத் தொட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இப்போது அந்தப் பாத்திரக்கடைக்கு மேலே செல்போன் கடை. சவுண்ட் கார்டு என்று தனியாக ஒன்று இருந்தது என்றால் என் மகள் நம்ப மாட்டாள். சேலையில் தைத்த உறைகளும் அவற்றைப் போட்ட கம்ப்யூட்டர்களும் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயினவோ. இவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. போகிறவைதான். நான் சொல்ல வந்தது வேறு.

அண்ணாச்சி இரண்டு வருடம் இருந்தார். அவர் காலமான செய்தி எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஊருக்கு வந்தபோது கொக்கிரகுளத்துக்குப் போனேன். இசக்கியம்மாள் தனியாக இருந்தார். மகன் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அடுத்த மாதம் பூனாவுக்குப் போகிறேன் என்றார். அந்த ஊரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். நான் எழுந்திருக்கும்போது, "தம்பி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார்.

டிஸ்க்கைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்த விநாடியே முடிவும் செய்துகொண்டேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"கதவச் சாத்திக்கிட்டு அத்தன நாளு பேசினாகல்லா. சத்தம் விழுந்துருமேன்னு நான் உள்ள வரவே இல்ல. நீங்கதான் காதுல மாட்டிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டிய. எனக்கு என்ன சொல்லி வச்சிருந்தாக?"

"தண்ணி கேட்டாக. வெந்நி வச்சிட்டியான்னு கேட்டாக. கதவச் சாத்தச் சொன்னாக" என்றேன்.

"அது நெதம் சொல்லுததுதான. பொறவு?"

பிறகு இருந்தது. நோட்டில் எண் மட்டும் போட்ட ஃபைல்கள் இருபதுக்கு மேல் இருந்தன. ஒன்று மூன்று நிமிடம், ஒன்று ஐந்து நிமிடம். அறுபத்து நாலாவது ஃபைல் நாலு நிமிடம், அதில் ஏழு இடத்தில் 'பட்' என்று வந்தது. இரண்டாவது நிமிடத்தில் அவர் குரல் ரொம்பவும் தாழ்ந்துவிட்டது. சத்தம் எங்கே வருகிறது என்று தெரிவதற்காக நான் வால்யூமைக் கூட்டினேன். கடைசியில் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அந்த இடத்தில் சத்தமே வரவில்லை என்று தாளில் குறித்தேன். இவ்வளவும் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்பதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. மறந்து போகவில்லை. கேட்டிருந்தால்தானே மறப்பதற்கு.

"நெனவு இல்லம்மா" என்றேன்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் எனக்கு ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்திருப்பார்போல.

"ஒண்ணுகூடவா?" என்றார்.